தூக்குமேடைப் படங்கள் நம்மை எங்கே நிற்க வைக்கின்றன?

வாசகர் ஒருவர், மார்ச் 2

"பழைய ஐரோப்பாவில் பொது இடத்தில் நடந்த மரண தண்டனைகளின் அச்சுப் படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. கேமரா இல்லாத காலத்தில் இவைதான் புகைப்படம். ஓவியர் நேரில் நின்று பார்த்ததை அப்படியே தகட்டில் ஏற்றினார். தண்டனை எப்படி நடந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. யாராவது மறுக்க முடியுமா?"

மார்ச் 2, மாலை

நான் மறுக்கிறேன். சாட்சி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எதற்குச் சாட்சி என்பதில்தான் தகராறு.

லண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1747-ல் 'உழைப்பும் சோம்பலும்' என்று 12 படங்கள் கொண்ட வரிசை ஒன்றை வெளியிட்டார். ஒரே தறிக்கூடத்தில் தொழில் பழகும் இரண்டு பையன்களின் கதை. ஒருவன் உழைத்து முன்னேறி லண்டன் மேயர் ஆகிறான். மற்றவன் டாம் ஐடில். திருட்டில் இறங்கி, கூட்டாளி காட்டிக்கொடுத்ததில் மாட்டி, 11-ஆம் படத்தில், லண்டனில் தூக்கிலிடும் இடமான டைபர்னின் தூக்குமரத்துக்குப் போகிறான். அந்தப் படத்தைத் திறந்து நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள்.

தூக்குமரம் எங்கே இருக்கிறது? பின்னால், தூரத்தில். மூன்று கால் நட்டு மேலே முக்கோணமாகச் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் மேல் தூக்குப் போடுகிறவர் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டு புகை பிடிக்கிறார். டாம் நடுவில் ஒரு வண்டியில், தன் சவப்பெட்டியோடு வருகிறான். பக்கத்தில் மெதடிஸ்ட் போதகர் ஒருவர் கை நீட்டிப் பேசுகிறார். அவனுக்கு ஆறுதல் சொல்லவேண்டிய சிறைப் பாதிரியாரோ முன்னால் தனிக் கோச்சில் போய்க்கொண்டிருக்கிறார்.

மற்றதெல்லாம் கூட்டம். இஞ்சி ரொட்டி விற்கிறவர், ஆரஞ்சுக்காரி, கட்டிப் புரண்டு சண்டை போடுகிறவர்கள், நாயின் வாலைப் பிடித்துத் தூக்கி எறியப் போகிறவன், காசு கொடுத்து உட்காரும் மேடையில் நெருக்கியடித்து நிற்கும் தலைகள். அந்த மேடையிலிருந்து ஒருவர் புறாவைப் பறக்க விடுகிறார், கைதி வந்து சேர்ந்துவிட்டான் என்று சிறைக்குச் சேதி போக. சாகப் போகிறவனுக்குப் படத்தில் கிடைத்த இடம் உள்ளங்கை அளவுகூட இல்லை. தண்டனை எப்படி நடந்தது என்று கேட்டால் இந்தப் படம் பாதிதான் சொல்லும். யாரெல்லாம் வந்தார்கள், அங்கே என்ன விற்றது என்று கேளுங்கள், முழுசாகச் சொல்லும்.

மார்ச் 2, இரவு

முக்கியமானதை விட்டுவிட்டுப் படுக்கப் போனேன். அதே படத்தில் முன்வரிசையில், சரியாக நடுவில், கைக்குழந்தையோடு ஒரு பெண் வாயைத் திறந்து கூவிக்கொண்டு நிற்கிறாள். கையில் ஒரு தாள். அதில் எழுதியிருப்பது: டாம் ஐடிலின் கடைசி உரையும் குற்ற ஒப்புதலும். அவன் இன்னும் வண்டியில்தான் இருக்கிறான். கடைசி உரை அச்சாகி விற்பனைக்கு வந்துவிட்டது.

மார்ச் 4

"அது ஹோகார்த்தின் கற்பனை, கிண்டல்" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கிண்டல் உண்டு தம்பி, ஆனால் கற்பனை இல்லை. தூக்குத் தண்டனைத் தாள்கள் லண்டனில் பெரிய வியாபாரம். தண்டனை நாளுக்கு முன்பே அச்சடித்து, அன்றைக்குக் கூட்டத்தில் கூவி விற்பார்கள். செவன் டயல்ஸ் பகுதியில் ஜேம்ஸ் கேட்னக் என்ற அச்சகக்காரர் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இதிலேயே கொடிகட்டிப் பறந்தார். ஒரு தாள், ஒரு பென்னி. மேலே மரக்கட்டையில் செதுக்கிய ஒரு படம், நடுவில் குற்றக் கதை, கீழே பாட்டு.

அந்தப் படங்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெவ்வேறு ஊர், வெவ்வேறு வருடம், வெவ்வேறு ஆள். படம் மட்டும் அதே படம். அதே சிறைச்சுவர், அதே தூக்குமரம், அதே கறுப்புக் கோட்டு.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. மதுரையில் ஒரு சின்ன அச்சகத்தில்தான் நான் கம்போசிங், அதாவது அச்செழுத்துக் கோர்ப்பது, பழகினேன். மர டிராயரில் பிளாக்குகள், அதாவது படம் அடிக்கும் அச்சுக்கட்டைகள், கிடக்கும்: பிள்ளையார், குத்துவிளக்கு, மாலை மாற்றும் ஜோடி. எந்தக் கல்யாணத்துக்கும் அதே ஜோடிதான். கொலைக் கதையைப் பாட்டாக்கி விற்கும் கொலைச் சிந்து அடிக்க வருகிறவருக்கும் அப்படித்தான். ஓங்கிய அரிவாளோடு ஒரு பிளாக் இருந்தது. கொன்றது விஷம் வைத்து என்றாலும் அட்டையில் அரிவாள்தான். பாட்டுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் கொலை என்று தெரியவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

தொழில் காரணமும் ஒன்று உண்டு. மரக்கட்டைப் படம் எழுத்தின் உயரத்துக்கே இருக்கும். எழுத்தோடு சேர்த்து சேஸ் என்ற இரும்புச் சட்டத்தில் இறுக்கி ஒரே அழுத்தில் அடித்துவிடலாம். செப்புத் தகடு அப்படி இல்லை. கோடு பள்ளத்தில் இருக்கும். மையைத் தடவி, மேலே உள்ளதைத் துடைத்து, ஈரத் தாளை வைத்து உருளைக்கு நடுவே அழுத்தி எடுக்கவேண்டும். மெதுவான வேலை, விலையும் கூட. ஹோகார்த்தின் 12 படமும் சேர்ந்து 12 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. படத்துக்கு ஒரு ஷில்லிங் என்றால் அந்தக் காசில் பென்னித் தாள் ஒரு டஜன் வாங்கலாம். மரக்கட்டைத் தாள் வாங்கினவரும் ஹோகார்த் படம் வாங்கினவரும் ஒரே ஆளாக இருந்திருக்க முடியாது.

மார்ச் 5

எத்தனை தாள் விற்றது என்று கேட்டவருக்கு: லண்டன் தெருவோரத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய ஹென்றி மேஹ்யூ ஒரு கணக்கு தருகிறார். 1849-ல் தூக்கிலிடப்பட்ட மேனிங் தம்பதியைப் பற்றிய தாள்கள் 25 லட்சம். 1828-ல் தூக்கிலிடப்பட்ட வில்லியம் கார்டர் பற்றி 16½ லட்சம். தொழிலில் இருந்தவர்கள் வாய்க்கணக்கு என்பதால் நான் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்கிறேன். 1851-ல் லண்டன் மக்கள்தொகையே சுமார் 23 லட்சம்தான். நாடு முழுக்க விற்றது என்று வைத்துக்கொண்டால் நம்பலாம். பாதி என்று வைத்தாலும் பெரிய எண்தான்.

மார்ச் 7

செப்புத் தகட்டில் படம் போட்ட ஜாக் கலோ பற்றி எழுதச் சொல்லி இருவர் கேட்டிருக்கிறீர்கள். இந்த மொத்த விஷயத்திலும் என்னைத் தூங்கவிடாத படம் அவருடையது. பொறுமையாகப் படியுங்கள்.

கலோ இன்றைய பிரான்சின் கிழக்கே இருக்கும் நான்சி ஊர்க்காரர். நான்சி இருக்கும் லொரேன் அப்போது தனி நாடு. 1633-ல் பிரெஞ்சுப் படை உள்ளே வந்தது. அதே வருடம் 'போரின் துயரங்களும் கேடுகளும்' என்று 18 படங்கள் பாரிசில் வெளிவந்தன. இரண்டு வருடத்தில் கலோ இறந்துவிட்டார். 11-ஆம் படம் 'தூக்கு'. நடுவில் ஒரு பெரிய மரம், ஒரே மரம். அதில் இருபது பேருக்கு மேல் தொங்குகிறார்கள். ஏணியில் ஒருவன் ஏறிக்கொண்டிருக்கிறான், அவனுக்கு முன்னால் பாதிரியார் சிலுவையை நீட்டுகிறார். மரத்தடியில் ஒரு முரசைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் தாயம் உருட்டுகிறார்கள். சுற்றிலும் ஈட்டிகளோடு படை வரிசை, ஒரு காடு போல.

இதைப் பகிர்கிறவர்கள் பெரும்பாலும் "படையெடுத்தவன் அப்பாவி விவசாயிகளைத் தொங்கவிட்ட காட்சி" என்று எழுதுகிறார்கள். இங்கேயும் ஒரு ஐயா அப்படித்தான் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. வரிசையை முதலிலிருந்து பாருங்கள். 2-ஆம் படத்தில் படைக்கு ஆள் எடுக்கிறார்கள். அப்புறம் சண்டை. 4 முதல் 8 வரை அதே படைவீரர்கள் பண்ணை வீட்டைக் கொள்ளையடிக்கிறார்கள், மடத்தை எரிக்கிறார்கள், ஊரைக் கொளுத்துகிறார்கள், வழியில் வண்டியை மறிக்கிறார்கள். 9-ல் பிடிபடுகிறார்கள். 10-லிருந்து 14 வரை தண்டனைகள்: கையைப் பின்னால் கட்டி உயரத்திலிருந்து இறக்குவது, தூக்கு, துப்பாக்கி, தீ, சக்கரம். மரத்தில் தொங்குகிறவர்கள் கொள்ளைக்காரப் படைவீரர்கள். படத்துக்குக் கீழே அச்சான செய்யுளும் அவர்களைக் கேடுகெட்ட திருடர்கள் என்று சொல்லி, மரத்தில் தொங்கும் துர்ப்பாக்கியக் கனிகள் போல என்கிறது.

ஆனால் 17-ஆம் படத்தில் விவசாயிகள் காட்டில் படைவீரர்களைப் பிடித்து அடித்துக் கொல்கிறார்கள். 18-ல் அரசர் சிம்மாசனத்தில் உட்கார்ந்து நல்ல தளபதிகளுக்குப் பரிசு கொடுக்கிறார். கொள்ளைக்கு நடுவே ஐந்து தண்டனை, கடைசியில் பரிசு. இது நீதி நிலைநாட்டப்பட்ட கதையா, வெறியாட்டம் கைமாறிக்கொண்டே போகும் கதையா? செய்யுளைப் படித்தால் முதலாவது. படத்தை மட்டும் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் தெரிகிறது. செய்யுள் கலோ எழுதியதல்ல, மிஷேல் த மரோல் என்ற பாதிரியார் எழுதியது. படம் வரைந்தவரும் பாட்டு எழுதியவரும் ஒரே பக்கம் இருந்தார்கள் என்று எடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

மார்ச் 8

அளவைச் சொல்லவில்லை. கலோவின் தகடு சுமார் 8 சென்டிமீட்டர் உயரம், 18 அல்லது 19 நீளம். கையகல நீளத்தில் நூற்றுக்கணக்கான ஆட்கள். தகட்டில் ஒரு பூச்சு பூசி, ஊசியால் கீறி, கீறிய கோட்டை அமிலத்தால் அரித்துப் பள்ளமாக்கும் முறை இது. பூச்சுக்கு வழக்கமான மெழுகுக்குப் பதிலாக, இசைக்கருவி செய்கிறவர்கள் பயன்படுத்தும் கெட்டி வார்னிஷை அவர் பூசினார். ஊசியோடு, சாய்வாக வெட்டிய முனை கொண்ட ஒரு கருவியும் வைத்திருந்தார். அதைத் திருப்பத் திருப்ப கோடு தடிக்கும், மெலியும். அதனால்தான் எறும்பு அளவு ஆளுக்கும் முதுகு வளைவு தெரிகிறது.

அளவு இங்கே வெறும் திறமை விஷயமில்லை. படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனால்தான் தொங்குகிறவர்கள் மனிதர்களாகத் தெரிவார்கள். தள்ளிப் பிடித்தால் பழம் காய்த்த மரம். பார்க்கிறவர் தானாக மூக்கருகே கொண்டுபோகவேண்டும்.

மார்ச் 11

"நேரில் பார்த்தார்" என்ற வாதத்துக்கு வருகிறேன். 1649 ஜனவரி 30, லண்டன் வைட்ஹாலில் முதலாம் சார்ல்ஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டது. ஐரோப்பாவே அதிர்ந்த செய்தி. இதன் அச்சுப் படங்களில் நிறைய நெதர்லாந்திலும் ஜெர்மானிய ஊர்களிலும் போட்டவை. அங்கே இருந்த செதுக்குநருக்குக் கிடைத்தது கடிதமும் துண்டுப் பிரசுரமும்தான். பல படங்களில் மன்னர் அழகாக மண்டியிட்டுக் கட்டையில் தலை சாய்க்கிறார். அன்றைக்கு அச்சான விவரத்தில் மன்னரே கட்டை இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்திருக்கலாமே என்கிறார், இதற்கு மேல் உயராது என்று பதில் வருகிறது. அவ்வளவு தாழ்வான கட்டை. மண்டியிட்டால் போதாது, குப்புறப் படுக்கவேண்டும். மண்டியிட்டு ஜெபிக்கும் மன்னர் தியாகி மாதிரி இருக்கிறார். குப்புறக் கிடக்கும் மன்னர் அப்படி இல்லை. வாங்குகிறவர்களுக்கு எது வேண்டுமோ அதைப் போட்டார்கள்.

1606-ல், லண்டன் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கத் திட்டமிட்ட வெடிமருந்துச் சதிக்காரர்களைக் கொன்றபோதும் இதே கதை. அவர்கள் ஜனவரி 30, 31 என்று இரண்டு நாளில் இரண்டு இடங்களில் கொல்லப்பட்டார்கள். டச்சுக்காரர் கிளாஸ் விஸ்ஸர் போட்ட படத்தில் இழுத்து வருவது, தூக்கு, உடலைக் கூறு போடுவது எல்லாம் ஒரே பார்வையில் வந்துவிடுகிறது. எந்த மனிதக் கண்ணும் அந்தக் காட்சியைப் பார்த்திருக்க முடியாது. அது செய்தியைப் படமாக அடுக்கிய வேலை.

மார்ச் 12

பாரிசைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1793 ஜனவரி 21, பிரெஞ்சுப் புரட்சியில் பதினாறாம் லூயி மன்னரின் தலை வெட்டப்பட்டது. ஷார்ல் மொன்னே வரைந்து ஹெல்மான் செதுக்கிய படத்தில், தலை வெட்டும் இயந்திரமான கில்லட்டின் நிற்கும் மேடைக்குப் பக்கத்தில் வெறும் பீடம் ஒன்று நிற்கிறது. அதில் இருந்தது லூயியின் தாத்தா பதினைந்தாம் லூயியின் சிலை, புரட்சியில் இறக்கிவிட்டார்கள். மேடையில் தலையைத் தூக்கிக் காட்டுகிறார்கள், கீழே படைவரிசை அணிவகுப்பு போல ஒழுங்காக நிற்கிறது. சண்டை இல்லை, ஆரஞ்சுக்காரி இல்லை. இது அரசு நடத்திய சடங்கு என்று சொல்லும் படம்.

அதே வருடம் வில்நெவ் என்பவர் போட்ட படத்தில் மேடையும் இல்லை, கூட்டமும் இல்லை. ஒரு கை, அதில் முடியைப் பிடித்துத் தூக்கிய தலை, சொட்டும் ரத்தம். கீழே புரட்சிப் பாட்டான மார்செய்ஸின் வரி. முடிசூடிய வித்தைக்காரர்கள் யோசித்துப் பார்க்க என்று தலைப்பிலேயே இருக்கிறது, மற்ற மன்னர்களுக்கு எச்சரிக்கை. இதில் பார்க்கிறவர் நிற்க இடமே கிடையாது. தலை நம் முகத்துக்கு நேரே வருகிறது.

மார்ச் 15

ஹோகார்த்தை வெறும் வேடிக்கை காட்டுகிறவர் ஆக்கிவிட்டீர்களே என்று ஒரு அக்கா வருத்தப்பட்டிருக்கிறார். அவர் சொல்வதை நானும் இரண்டு நாளாக யோசித்தேன். ஹோகார்த் மனசாரக் கொடுமையை வெறுத்தவர். 1751-ல் 'கொடுமையின் நான்கு கட்டங்கள்' போட்டார். நாயை வதைக்கும் சிறுவன் வளர்ந்து கொலைகாரன் ஆகிறான். நான்காம் படத்தில் தூக்கிலிட்ட அவன் உடலை மருத்துவர்கள் மேசையில் அறுக்கிறார்கள், கழுத்தில் கயிறு அப்படியே கிடக்கிறது. ஏழைகள் கண்ணில் படவேண்டும் என்று இதை மரக்கட்டையில் மலிவாக அடிக்கவும் ஏற்பாடு செய்தார். கட்டை வேலைக்குச் செலவு ஏறிவிட்டதால் இரண்டோடு நின்றுபோனது. அடுத்த வருடம் கொலையாளிகளின் உடலை அறுவைக்குக் கொடுக்கும் சட்டம் அமலுக்கு வந்தது.

இதில் எனக்கு உறுத்துவது வேறு. கூட்டத்தின் அசிங்கத்தைக் காட்டுவது ஒரு வலுவான கண்டனம். 1849-ல் மேனிங் தம்பதியின் தூக்கைப் பார்த்துவிட்டு சார்ல்ஸ் டிக்கன்ஸ் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு எழுதிய கடிதமும் கூட்டத்தைப் பற்றித்தான். சிரிப்பு, கெட்ட பாட்டு, குடி. ஹோகார்த் வரைந்ததையே நூறு வருடம் கழித்து டிக்கன்ஸ் எழுதினார். பலன் என்ன? 1868 மே 26-ல் மைக்கேல் பாரெட் என்பவரை நியூகேட் சிறைக்கு வெளியே தூக்கிலிட்டதோடு பொதுத் தூக்கு முடிந்தது. தூக்கு முடியவில்லை, மதிலுக்கு உள்ளே போனது. பிரிட்டனில் கடைசித் தூக்கு 1964-ல். கூட்டம்தான் பிரச்சினை என்று படம் சொல்லிச் சொல்லி, கூட்டத்தை அகற்றிவிட்டு மீதியை இன்னும் 96 வருடம் நடத்தினார்கள். ஹோகார்த்தைக் குற்றம் சொல்லவில்லை அக்கா. ஆனால் கயிற்றைத் தூரத்தில் வைத்து வரைந்ததற்கு ஒரு விலை இருந்தது என்று நினைக்கிறேன்.

மார்ச் 19

அந்த விலையைக் கொடுக்க மறுத்தவர் ஸ்பானிய ஓவியர் கோயா. ஸ்பெயினில் நெப்போலியன் படை இருந்த வருடங்களிலும் அதற்குப் பின்னும் அவர் செய்த 'போரின் பேரழிவுகள்' வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 34-ஆம் படம்: கழுத்தை இறுக்கிக் கொல்லும் நாற்காலியில் ஒருவர், கட்டிய கைகளுக்கு நடுவே சிலுவை, மார்பில் ஒரு கத்தி தொங்குகிறது. தலைப்பு, 'ஒரு கத்திக்காக'. அவ்வளவுதான் குற்றம். கூட்டம் பின்னால் மங்கலான முகங்களாக இருக்கிறது. 15-ல் கண்ணைக் கட்டிய ஒருவர் கம்பத்தோடு நிற்கிறார், வலது ஓரத்தில் துப்பாக்கி முனைகள் மட்டும் எட்டிப் பார்க்கின்றன. அவரைச் சுடுகிறவர்கள் படத்தின் விளிம்புக்கு வெளியே. 'வேறு வழியில்லை' என்று தலைப்பு.

36-ஆம் படத்தைத்தான் நான் திரும்பத் திரும்பத் திறக்கிறேன். மரத்தில் ஒருவர் தொங்குகிறார், கால்சட்டை நழுவிக் கிடக்கிறது. எதிரே ஒரு படைவீரர் கல்லில் சாய்ந்து, கன்னத்தில் கை வைத்து, ரசிக்கிற முகத்தோடு அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கலோவின் மரம் இங்கேயும் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் வந்துவிட்டது. கூட்டம் ஒரே ஆளாகச் சுருங்கிவிட்டது. நாம் பார்ப்பதைப் போலவே அவரும் பார்க்கிறார். படத்தை எத்தனை நேரம் பார்க்கிறோமோ அத்தனை நேரம் அவர் செய்வதைத்தான் நாமும் செய்கிறோம்.

கோயா இதை விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. 1828-ல் இறந்தார். சான் பெர்னாண்டோ கலைக்கழகம் 80 தகடுகளை அச்சிட்டு வெளியிட்டது 1863-ல். இத்தனை நாளாக நான் பேசிக்கொண்டிருப்பது வாங்குகிறவருக்காகச் செய்த படங்களைப் பற்றி. வாங்க ஆளில்லாமல் செய்தபோதுதான் இறக்கிறவர் படத்தின் நடுவுக்கு வந்தார்.

மார்ச் 20

பிரெஞ்சு ஓவியர் மானே மரண தண்டனையை அச்சுப் படமாகவும் செய்தாரா என்று கேட்ட தம்பிக்கு: ஆமாம், கல்லச்சில், அதாவது கல்லின் மேல் வரைந்து அதிலிருந்து அடிக்கும் முறையில், செய்தார். மெக்சிகோவில் பிரான்ஸ் உட்காரவைத்த பேரரசர் மாக்சிமிலியனை 1867 ஜூன் 19-ல் கெரேத்தாரோவில் சுட்டுக்கொன்றார்கள். மானே வரைந்த படத்தில் சுடும் வீரர்களின் உடுப்பு பிரெஞ்சு உடுப்பை ஞாபகப்படுத்துகிறது. பாரிஸ் தணிக்கை அச்சிடக்கூடாது என்றது. கல்லை அழித்துவிடலாம் என்று அச்சகத்தில் பேச்சு வந்து, மானே சண்டை போட்டுத்தான் மீட்டார். அச்சாகி வந்தது 1884-ல், அவர் இறந்த மறுவருடம். ஒரு மலிவு அச்சுப் படத்துக்கு அரசு பயந்தது. பெரிய கேன்வாஸ் ஒரு சுவரில் இருக்கும், கல்லச்சு நூறு வீட்டுக்குப் போகும்.

மார்ச் 24

அசல் ஹோகார்த் ஒன்று இணைய ஏலத்தில் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். விற்பவர் 1747 என்று எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவருடைய செப்புத் தகடுகள் அவர் காலத்துக்குப் பிறகும் கைமாறின. பாய்டெல் என்ற பதிப்பாளர் 1790 வாக்கில் அடித்தார், 1822-ல் ஹீத் என்ற செதுக்குநர் தகடுகளைச் சீர்செய்தார், அதிலிருந்தும் அடித்தார்கள். எல்லாமே அசல் தகட்டிலிருந்து வந்தவைதான், ஆனால் ஒன்றல்ல.

முதலில் ஒரு லென்ஸ் வாங்குங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது ஆப்செட் நகல், காசைத் திருப்பிக் கேளுங்கள். செப்புத் தகடு என்றால் ஓரம் வெட்டாத தாளில் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுத்திய பள்ளம் விரலில் தட்டும். அடுத்து நிழல் பகுதிகளைப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட இடம் கறுப்பாக, ஆழமாக இருந்தால் நல்ல அச்சு. சாம்பல் பூத்தாற்போல் வெளுத்திருந்தால் தகடு தேய்ந்த பிறகு அடித்தது. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கச் சொல்லி ஒரு படமும் கேளுங்கள், தாள் செய்யும்போதே விழும் நீர்க்குறி இருந்தால் தெரியும். தர மறுத்தால் விட்டுவிடுங்கள், வேறு பிரதி வரும்.